விமானம் விழுந்த பிறகு என்ன நடக்கிறது? சாபெகோயென்ஸே அணியின் கதை வழியாக ஒரு விளக்கம்

ஒரு விமானம் விழுந்த செய்தி வந்து இரண்டு மணி நேரம் ஆவதற்குள் தீர்ப்புகள் வந்துவிடும். "பைலட் தப்பு." "கறுப்புப் பெட்டி கிடைச்சாச்சு, இனி எல்லாம் தெரிஞ்சிடும்." "இன்சூரன்ஸ் பணம் எப்படியும் வந்துடும்." விமானத்தில் ஒரு கால்பந்து அணி இருந்திருந்தால் இன்னும் இரண்டு வரி சேரும். "பரிதாபப்பட்டுக் கோப்பையைக் கொடுத்துட்டாங்க." "அந்தக் கிளப் இனி அவ்வளவுதான்."

இவை எல்லாமே ஏதோ ஓர் உண்மையின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் தப்பான இடத்தில் போய் முடிகின்றன. விபத்துக்குப் பின் என்னென்ன நடக்கிறது, யார் எதை விசாரிக்கிறார்கள், ஏன் பத்து வருஷம் இழுக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்ல ஓர் உதாரணம் வேண்டும். பிரேசிலின் சாபெகோயென்ஸே அணிக்கு நடந்ததை எடுத்துக்கொள்கிறேன். பொதுவாகக் கேட்கப்படும் கேள்விகள் எல்லாமே அதில் இருக்கின்றன.

அந்த இரவு

சாபெகோ, பிரேசிலின் தெற்கே சாந்தா கத்தரினா மாநிலத்தில் இருக்கும் ஓர் ஊர். அந்த ஊரின் கிளப் 1973இல் தொடங்கியது. 2009இல் தேசிய லீக்கின் நான்காம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2014இல் முதல் பிரிவு. 2016இல் கோபா சுதமெரிகானா இறுதிப் போட்டி. இது தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான இரண்டாவது பெரிய கோப்பை. அரையிறுதியின் கடைசி நொடிகளில் கோல்கீப்பர் டனிலோ காலை நீட்டி ஒரு பந்தைத் தடுத்தார். அது உள்ளே போயிருந்தால் அந்தப் பயணமே இருந்திருக்காது.

இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம் கொலம்பியாவின் மெடலின் நகரில், அட்லெடிகோ நாசியோனல் அணியுடன். நவம்பர் 28 அன்று பொலிவியாவின் சாண்டா குரூஸ் நகரிலிருந்து லாமியா என்ற சிறு நிறுவனத்தின் ஆவ்ரோ ஆர்ஜே85 ரக விமானத்தில் கிளம்பினார்கள். மெடலின் விமான நிலையத்துக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும்போது, இரவு பத்து மணி வாக்கில், விமானம் ஒரு மலையில் மோதியது. அதில் இருந்த 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர் காயோ ஜூனியர், கிளப்பின் தலைவர், ஆட்டத்தை ஒளிபரப்பவும் எழுதவும் கூடவே போன 20 பத்திரிகையாளர்கள். டனிலோவை உயிரோடு மீட்டார்கள். மருத்துவமனையில் இறந்தார்.

பிழைத்தவர்கள் ஆறு பேர்: ஆட்டக்காரர்கள் ஆலன் ருஷெல், ஜாக்சன் ஃபோல்மன், நெட்டோ, வானொலி வர்ணனையாளர் ஒருவர், விமானப் பணியாளர் இருவர். மழை, பனிமூட்டம், சேறு. வாகனம் போக முடியாத சரிவு. அந்தப் பகுதியில் வசித்த ஒரு சிறுவன்தான் மீட்புக் குழுவினருக்குப் பாதை காட்டினான். நெட்டோவைக் கண்டுபிடித்தபோது விடியும் நேரம் ஆகிவிட்டது.

ஒரு விபத்து, நான்கு விசாரணைகள்

ஒரு வீடு தீப்பிடித்து எரிந்துவிட்டது என்று வையுங்கள். தீயணைப்புத் துறைக்காரர் வந்து தீ எங்கே தொடங்கியது என்று பார்ப்பார். போலீஸ்காரர், யாராவது வைத்த தீயா என்று பார்ப்பார். இன்சூரன்ஸ்காரர் பாலிசியை எடுத்து வரிவரியாகப் படிப்பார். வீட்டுக்காரர், அடுத்த மாதம் எங்கே குடியிருப்பது என்று யோசிப்பார். நான்கு பேரும் நிற்பது அதே சாம்பலில்தான். ஆனால் ஒருவர் தேடுவதை இன்னொருவர் தேடவில்லை. தீ மின்கசிவால் வந்தது என்று முதல் ஆள் எழுதிவிட்டதால் மட்டும் மூன்றாம் ஆள் பணம் கொடுத்துவிட மாட்டார்.

விமான விபத்திலும் இப்படித்தான். என்ன நடந்தது என்று கேட்பது தொழில்நுட்ப விசாரணை. யார் குற்றவாளி என்று கேட்பது குற்றவியல் வழக்கு. யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்பது இழப்பீட்டு வழக்கு. அணியை இனி எப்படி நடத்துவது என்பது கிளப்பும் லீக்கும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஒவ்வொன்றுக்கும் தனி சட்டம், தனி ஆட்கள், தனி வேகம். பொதுவெளியில் நடக்கும் குழப்பத்தில் பெரும் பகுதி, ஒன்றின் பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொள்வதால் வருவதுதான்.

எரிபொருள் தீர்ந்துபோவது எப்படி?

இந்த விபத்தின் காரணத்தைக் கேட்டவர்கள் முதலில் நம்ப மறுப்பார்கள். விமானத்தில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான். கசிவு இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை. தொட்டி காலி.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு ரிசர்வ் தெரியும். முள் அடியில் போனாலும் ரிசர்வில் போட்டு பங்க் வரை உருட்டிப் போய்விடலாம் என்ற தைரியம். விமானத்தில் ரிசர்வுக்கு அர்த்தமே வேறு. அங்கே அது குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தனியாக எடுத்து வைத்த பணம் மாதிரி. கையில் இருக்கும், ஆனால் செலவுக் கணக்கில் வராது.

ஜெட் விமானம் கிளம்பும் முன் போடும் கணக்கை எளிமையாகச் சொன்னால் இப்படி: போய்ச் சேரத் தேவையானது, எதிர்க்காற்று, சுற்றுவழி போன்றவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல், இறங்க வேண்டிய இடத்தில் இறங்க முடியாவிட்டால் வேறொரு விமான நிலையத்துக்குப் போகத் தேவையானது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, இன்னும் 30 நிமிடம் வானில் சுற்றத் தேவையான அளவு. இந்தக் கடைசி 30 நிமிடத்துக்குப் பெயர் இறுதிக் கையிருப்பு. ஒரு சாதாரண நாளில் விமானம் தரையைத் தொடும்போது இது தொடப்படாமல் தொட்டியில் அப்படியே இருக்க வேண்டும்.

இப்போது அந்த விமானத்தின் பயணத் திட்டத்தைப் பாருங்கள். பயணத் திட்டம் என்பது கிளம்பும் முன் அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒரு தாள். அதில் பயண நேரம் என்ற இடத்தில் 4 மணி 22 நிமிடம் என்று இருந்தது. எரிபொருள் எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும் என்ற இடத்திலும் 4 மணி 22 நிமிடம். இரண்டும் ஒன்றே. கூடுதலும் இல்லை, மாற்று நிலையத்துக்கும் இல்லை, இறுதிக் கையிருப்பும் இல்லை. அந்தத் தாளைப் பார்த்த விமான நிலைய அதிகாரி ஒருவர் இதைச் சுட்டிக்காட்டியதாகப் பிற்பாடு சொன்னார். விமானம் கிளம்பிவிட்டது. இந்த ஓர் இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. 71 பேரின் உயிர், ஒரே தாளில் இருந்த இரண்டு எண்களுக்குள் இருந்தது.

ஏன் வழியில் இறங்கி நிரப்பவில்லை? இங்கே பல சின்னச் சின்ன விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பிரேசிலிலிருந்து நேராக மெடலினுக்கு இதே நிறுவனத்தின் தனி விமானத்தில் போகத்தான் முதலில் திட்டம். ஒரு பொலிவிய நிறுவனம் பிரேசிலில் ஆளேற்றிக் கொலம்பியாவில் இறக்குவதற்கு ஒப்பந்தப்படி உரிமை இல்லை என்று பிரேசில் விமானத் துறை அனுமதி மறுத்தது. ஆகவே சாதாரணப் பயணிகள் விமானத்தில் பொலிவியா வரை வந்து, அங்கிருந்து லாமியாவில் ஏறினார்கள். பொலிவியாவின் வட எல்லையில் உள்ள கோபிஹாவில் எரிபொருள் நிரப்பலாம் என்றால், அந்த நிலையம் இரவில் மூடிவிடும். வழியில் கொலம்பியத் தலைநகர் பொகோட்டா இருந்தது, அங்கேயும் இறங்கவில்லை. விமானத்தை ஓட்டியவர் நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். எரிபொருளுக்காக இறங்கினால் வரும் செலவும் தாமதமும் அவருடைய பணப்பையையும் தொடும். விமானி என்ற முறையில் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவரும், முதலாளி என்ற முறையில் போகலாம் என்று சொல்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் யார் யாரைத் தடுப்பது?

எரிபொருளை இப்படி ஓரம் வரைக்கும் கொண்டுபோவது அந்த நிறுவனத்துக்கு அது முதல் தடவையும் இல்லை. லாமியாவின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கால்பந்து அணிகள்தான். சில வாரங்களுக்கு முன் அர்ஜென்டினா தேசிய அணியும் அவர்களுடைய விமானத்தில் பயணம் செய்திருந்தது. பலமுறை தப்பித்துவிட்டால் தப்பு செய்கிறோம் என்பதே மறந்துபோய்விடும்.

"கட்டுப்பாட்டு அறை காக்க வைத்ததுதான் காரணமா?"

இதுதான் அதிகம் கேட்கும் கேள்வி. விமானம் மெடலினை நெருங்கும்போது இன்னொரு விமானம் எரிபொருள் கசிவு இருக்கலாம் என்று சொல்லி முன்னுரிமை கேட்டது. அதற்கு வழிவிட, லாமியா விமானத்தை வானில் வட்டமிடச் சொன்னார்கள். ஆகவே கட்டுப்பாட்டாளர்தான் காரணம் என்று பலர் முடித்துவிடுகிறார்கள்.

ஒரு மருத்துவமனை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் சீக்கிரம் பார்த்தால் நல்லது" என்று ஒருவர் சொன்னால் உட்காரச் சொல்வார்கள். "நெஞ்சு வலிக்கிறது, மூச்சு விட முடியவில்லை" என்றால் வரிசையைக் கலைத்துவிட்டு உள்ளே எடுத்துப் போவார்கள். வானத்தில் இதற்கென்று வரையறுத்த சொற்கள் இருக்கின்றன. இறங்கும்போது இறுதிக் கையிருப்பைத் தொட வேண்டி வரும் என்று தெரிந்த நிமிடமே விமானி "மேடே" என்று அறிவிக்க வேண்டும். மேடே என்றால் உயிர் ஆபத்து, மற்ற எல்லோரையும் விலக்குங்கள் என்று பொருள். ரேடாரில் உயரமும் வேகமும் தெரியும். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது விமானி சொன்னால்தான் கீழே தெரியும்.

மோதுவதற்கு ஏறத்தாழ 40 நிமிடம் முன்பே எரிபொருள் குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை விமானிகளின் முன் வந்துவிட்டது. முன்னுரிமை கேட்டது இரவு 9.49க்குத்தான், அதுவும் பிரச்சினையின் முழு அளவைச் சொல்லாமல். அவசரநிலை என்று வெளிப்படையாகச் சொன்னபோது நிமிடங்கள்தான் மிச்சம்.

அப்புறம் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான்கும் நின்ற பிறகும் விமானம் கல் மாதிரி விழாது, சறுக்கிக்கொண்டே கொஞ்ச தூரம் போகும். சமவெளியாக இருந்திருந்தால், பகலாக இருந்திருந்தால் என்றெல்லாம் மனம் போகிறது. ஆனால் அது ஆண்டிஸ் மலைப்பகுதி. இயந்திரங்களோடு மின்சாரமும் போய்விட்டது. இருட்டு.

மோதிய பிறகு தீப்பிடிக்கவில்லை. எரிவதற்கு எதுவும் மிச்சமில்லை. அந்த ஆறு பேரும் மீட்புக் குழு வரும்வரை தாக்குப்பிடிக்க முடிந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

சுருக்கமாக: எரிபொருள் தீர்ந்தது விதியும் அல்ல, கடைசி நேரச் சுற்றலும் அல்ல. கிளம்பும்போதே கையிருப்பு இல்லை. ஒரு தாமதத்தைக்கூடத் தாங்காத நிலையில்தான் விமானம் மேலே போனது.

கறுப்புப் பெட்டி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கறுப்புப் பெட்டியின் நிறம் ஆரஞ்சு. சிதைவுகளுக்கு நடுவே கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. பெரும்பாலும் இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று உயரம், வேகம், இயந்திரத்தின் நிலை போன்றவற்றைப் பதியும் தரவுப் பதிவி. இன்னொன்று விமானி அறையில் கேட்பதைப் பதியும் குரல் பதிவி.

"பெட்டி கிடைத்துவிட்டது" என்றால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பது தப்பு. இந்த விபத்திலேயே குரல் பதிவி கடைசி ஒரு மணி 40 நிமிடத்தைப் பதியவில்லை. விமானிகள் தங்களுக்குள் என்ன பேசினார்கள், எப்போது பயந்தார்கள், இறங்கலாமா என்று யோசித்தார்களா என்பது போய்விட்டது. மிஞ்சியது தரவுப் பதிவி, கட்டுப்பாட்டு அறையுடன் பேசிய ஒலிப்பதிவு, காகிதங்கள், பிழைத்தவர்களின் வார்த்தை. இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதுதான் விசாரணையின் உண்மையான வேலை.

தொழில்நுட்ப விசாரணை ஏன் யாரையும் தண்டிப்பதில்லை?

சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கைக்குப் பல பின்னிணைப்புகள் உண்டு. அவற்றில் 13ஆவது, விபத்து விசாரணைக்கானது. விபத்து எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாடு விசாரணையை நடத்தும். விமானம் பதிவான நாடும் அதை வடிவமைத்த, தயாரித்த நாடுகளும் ஆட்களை அனுப்பலாம். இங்கே நடத்தியது கொலம்பியா. பொலிவியா பதிவு நாடு, பிரிட்டன் தயாரித்த நாடு.

அந்தப் பின்னிணைப்பிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது: விசாரணையின் ஒரே நோக்கம் இனி இப்படி நடக்காமல் தடுப்பது. பழியையோ பொறுப்பையோ சுமத்துவது நோக்கம் இல்லை. முதல்முறை படிப்பவருக்கு இது கோபத்தைக் கூடக் கொடுக்கும். 71 பேர் செத்திருக்கிறார்கள், பழி சொல்லாமல் என்ன விசாரணை?

காரணம் எளிது. "நீ சொன்னால் ஜெயில்" என்று தெரிந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பராமரிப்புப் பணியாளர், தாளில் கையெழுத்துப் போட்ட அதிகாரி, கட்டுப்பாட்டாளர் எல்லோரும் வக்கீலோடுதான் வருவார்கள். அடுத்த விமானத்தைக் காப்பாற்றும் உண்மை அங்கேயே புதைந்துவிடும்.

பழியை முதலில் தேடினால் என்ன ஆகும் என்பதற்கும் கால்பந்திலேயே உதாரணம் இருக்கிறது. 1958 பிப்ரவரி 6 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அணியை ஏற்றிய விமானம் ம்யூனிக்கில் மூன்றாவது முறையாக மேலெழ முயன்றபோது ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதியது. 23 பேர் இறந்தார்கள், அவர்களில் எட்டு பேர் ஆட்டக்காரர்கள். இறக்கையில் பனிக்கட்டி படிந்ததைக் கவனிக்காதது கேப்டன் ஜேம்ஸ் தெயினின் குற்றம் என்று ஜெர்மன் விசாரணை சொன்னது. ஓடுபாதையில் கிடந்த பாதி உருகிய பனிச்சேறுதான் விமானத்தின் வேகத்தை இழுத்துப் பிடித்தது என்று தெரியவந்து, பிரிட்டிஷ் விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்று சொல்ல 1969 ஆனது. பதினொரு வருஷம் ஒரு மனிதர் அந்தப் பெயரைச் சுமந்தார்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1987. பெருவின் அலியான்ஸா லிமா அணி கடற்படை விமானத்தில் வரும்போது கடலில் விழுந்தது. 44 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். விசாரணை அறிக்கை வெளிச்சத்துக்கு வந்தது 2006இல். நடுவில் இருந்த அத்தனை வருஷமும் குடும்பங்களுக்குக் கிடைத்தது வதந்தி மட்டும்.

சாபெகோயென்ஸே விஷயத்தில் கொலம்பியா ஒரு மாதத்துக்குள் முதற்கட்ட அறிக்கையையும் 2018 ஏப்ரலில் இறுதி அறிக்கையையும் வெளியிட்டது. எரிபொருள் முற்றிலும் தீர்ந்தது, அதற்குக் காரணம் நிறுவனத்தின் மோசமான பயணத் திட்டமிடல் என்று அறிக்கை சொன்னது. விசாரணை அளவில் இது சரியாக நடந்த ஒன்று.

குற்றவியல் வழக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது அந்தந்த நாட்டுச் சட்டம். பொலிவியா சில நாட்களிலேயே லாமியாவின் உரிமத்தை நிறுத்திவைத்தது, நிறுவனத்தின் நிர்வாகியைக் கைது செய்தது. முதன்மையாகப் பதில் சொல்ல வேண்டிய விமானி விபத்திலேயே இறந்துவிட்டார்.

காரணம் தெரிந்த பிறகும் பணம் ஏன் வரவில்லை?

எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த விபத்து குறைவு. இருந்தும் குடும்பங்கள் வருஷக்கணக்காக அலைந்தன.

முதலில் விதியைப் பார்ப்போம். இன்று பெரும்பாலான சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்துவது 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியால் ஒப்பந்தம். பயணி இறந்தால் ஒரு குறிப்பிட்ட தொகை வரை, யார் மீது தப்பு என்று நிரூபிக்கத் தேவையே இல்லாமல் விமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். 2016இல் அந்த வரம்பு 1,13,100 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியம் சில நாணயங்களைச் சேர்த்து மதிப்பிடும் ஒரு கணக்கு அலகு. அந்த வரம்புக்கு மேல் கேட்டால், தன் மீது தப்பில்லை என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் பொறுப்பு வேறு, பணம் வேறு. கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டாலும் கடன் வாங்கியவரிடம் சல்லிக்காசு இல்லை என்றால் என்ன வசூலிப்பீர்கள்? லாமியா மிகச் சிறிய நிறுவனம். அவர்கள் பறக்கவிட்டுக்கொண்டிருந்த ஒரே விமானம் மலையில் சிதறிக் கிடந்தது. இப்படிப்பட்ட இடத்தில் பணம் வர ஒரே வழி காப்பீடு. அதனால்தான் விமான நிறுவனங்கள் போதுமான காப்பீடு வைத்திருப்பதை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது.

காப்பீட்டு நிறுவனம் பெரிய சுமையைத் தனியாகத் தாங்காது. தான் ஏற்ற பொறுப்பின் பெரும் பகுதியை இன்னொரு பெரிய நிறுவனத்திடம் காப்பீடு செய்துகொள்ளும். இது மறுகாப்பீடு. பாலிசி பொலிவியாவில், மறுகாப்பீடு லண்டனில். ஒருகாலத்தில் 30 கோடி டாலராக இருந்த காப்பீட்டுத் தொகை, விபத்து நடந்தபோது 2.5 கோடி டாலராகக் குறைந்திருந்தது. அதற்கும் காப்பீட்டுத் தரப்பு இரண்டு காரணம் சொல்லி மறுத்தது: பிரீமியம் கட்டவில்லை, கொலம்பியாவுக்குப் பறப்பது பாலிசியில் விலக்கப்பட்டிருக்கிறது.

சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். கொலம்பியாவுக்குப் பொருந்தாத பாலிசியோடு ஒரு விமானம் கொலம்பியாவுக்குப் போக அனுமதி பெற்றிருக்கிறது. டிக்கெட்டோடு உட்கார்ந்திருந்த பின்கள ஆட்டக்காரருக்கோ ஒளிப்பதிவாளருக்கோ இது எப்படித் தெரியும்? பயணிகள் பாலிசியைக் கேட்டுப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் அரசாங்கங்கள்.

சட்டப்படி கடமை இல்லை, மனிதாபிமான அடிப்படையில் தருகிறோம் என்று சொல்லி ஒரு நிதி முன்வைக்கப்பட்டது. வாங்கினால் இனி வழக்குப் போட மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் சம்பாதித்த ஒரே ஆளை இழந்து, சின்னப் பிள்ளைகளோடு நிற்கிற ஒருவருக்கு இது என்ன மாதிரியான தேர்வு! சிலர் வாங்கினார்கள், பலர் மறுத்தார்கள். மறுத்தவர்கள் சங்கம் அமைத்து லண்டன் வரை போய்க் காப்பீட்டு அலுவலகங்களின் வாசலில் நின்றார்கள். பிரேசில் செனட் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 2020இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு நீதிமன்றம் 80 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. தலைப்புச் செய்தியைப் பார்த்தவர்கள் குடும்பங்களுக்குப் பணம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்தத் தீர்ப்பு விமான நிறுவனத் தரப்பின் மீது. அங்கே வசூலிக்க ஒன்றும் இல்லை.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: விசாரணை அறிக்கை காரணத்தைச் சொல்லும், நீதிமன்றம் தொகையைச் சொல்லும், பணம் வருமா என்பதைக் காப்பீட்டுப் பத்திரத்தின் சின்ன எழுத்துகள்தான் சொல்லும்.

கோப்பை யார் கொடுத்தது?

இங்கே ஒரு தவறான எண்ணத்தை மாற்ற வேண்டும். கோப்பை தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான கான்மெபோல் பரிதாபப்பட்டுப் போட்ட பிச்சை அல்ல. இறுதிப் போட்டியில் எதிரே ஆட வேண்டிய அட்லெடிகோ நாசியோனல்தான், பட்டத்தை அவர்களுக்கே கொடுங்கள் என்று எழுதிக் கேட்டது. கான்மெபோல் டிசம்பர் 5 அன்று ஏற்றுக்கொண்டது. நாசியோனலுக்கு நேர்மை விருது. முதல் ஆட்டம் நடந்திருக்க வேண்டிய நவம்பர் 30 இரவு, அதே நேரத்தில், மெடலின் மைதானம் வெள்ளை உடை அணிந்த மக்களால் நிரம்பியது. தங்கள் அணி ஆடாத, யாருமே ஆடாத ஓர் ஆட்டத்துக்கு வந்தார்கள்.

அந்தப் பட்டத்துக்கு நடைமுறைப் பயனும் இருந்தது: பரிசுத் தொகை, அடுத்த ஆண்டு தென் அமெரிக்காவின் முதல்நிலைக் கோப்பையில் இடம். அணியே இல்லாத கிளப்புக்கு இந்த இரண்டும் மூச்சுக்காற்று.

அதே நாட்களில் சாபெகோவின் அரேனா கோண்டா மைதானத்தில் டனிலோவின் அம்மாவை ஒரு தொலைக்காட்சி நிருபர் பேட்டி எடுத்தார். நடுவில் அந்த அம்மா திருப்பிக் கேட்டார்: இத்தனை சக பத்திரிகையாளர்களை இழந்துவிட்டீர்களே, உங்களுக்கு எப்படி இருக்கிறது? கேட்டுவிட்டு நிருபரைக் கட்டிக்கொண்டார். நிருபர் அழுதுவிட்டார்.

பதினொரு பேர் போனால் கிளப் போய்விடுமா?

சட்டத்தின் கண்ணில் கிளப் என்பது ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை. லீக்கில் அதற்கு இருக்கும் இடம், இளையோர் அணி, மைதானம், ஒப்பந்தங்கள், கடன்கள் எல்லாம் சேர்ந்ததுதான் கிளப். அவை அப்படியே இருந்தன. 1949இல் சுபெர்கா மலையில் விமானம் மோதிக் கிட்டத்தட்டத் தன் முழு அணியையும் இழந்த இத்தாலியின் டொரினோ, மிச்சமிருந்த நான்கு ஆட்டங்களில் இளையோர் அணியை இறக்கியது. எதிரணிகளும் தங்கள் இளையோரையே இறக்கின. பட்டம் டொரினோவுக்கு. அடுத்த லீக் பட்டத்துக்கு அவர்கள் 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரேசிலின் மற்ற கிளப்புகள் ஆட்டக்காரர்களைக் கடனாகத் தர முன்வந்தன. கடன் என்றால், ஒப்பந்தம் பழைய கிளப்போடு இருக்கும், ஆடுவது இங்கே. மூன்று ஆண்டுகளுக்குக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கக்கூடாது என்ற யோசனையும் வந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. மற்றவர்களுக்கு உள்ள விதிதான் அவர்களுக்கும். புதிய பயிற்சியாளர், இரண்டு டஜன் அளவுக்குப் புதிய ஆட்டக்காரர்கள். 2017இல் மாநிலப் பட்டத்தை வென்றார்கள், தேசிய லீக்கில் எட்டாம் இடம். இதோடு கதையை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். 2019இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள், ஏறினார்கள், மறுபடி இறங்கினார்கள். விபத்து ஒரு வேலை விபத்தும்தான் என்பதால் குடும்பங்களுக்குக் கிளப்பும் பொறுப்பாளி. அந்த வழக்குகளும் பழைய கடன்களும் சேர்ந்து 2022இல் கடன் மறுசீரமைப்புக்காகக் கிளப் நீதிமன்றத்துக்குப் போனது. பணம் வர வேண்டிய காப்பீடு வராததால், துக்கத்தில் இருந்த இரண்டு தரப்பும் ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்க வேண்டியதாயிற்று.

புதிய அணியின் முதல் ஆட்டம் 2017 ஜனவரி 21, அரேனா கோண்டாவில், பால்மெய்ராஸுடன். ஒரு காலை இழந்திருந்த ஃபோல்மன் சக்கர நாற்காலியில் வந்தார். ருஷெலும் நெட்டோவும் கூட நிற்க, கோப்பையைத் தூக்கினார்கள். 71ஆவது நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்தி அரங்கமே எழுந்து கைதட்டியது. ருஷெல் அதே ஆண்டு ஆகஸ்டில் பார்சிலோனாவின் மைதானத்தில் கேப்டனாக இறங்கி அரைமணி நேரம் ஆடினார். ஃபோல்மன் செயற்கைக் காலோடு கிளப்பின் தூதரானார்.

நெட்டோ மூன்று வருஷம் பயிற்சி செய்தார். முழங்காலும் முதுகும் விடவில்லை. விபத்துக்குப் பின் ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்கூட ஆடாமல் 2019 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார்.